எத்தனை மி.மீ. என்று கேட்டீர்களா?

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் குழந்தைகள் விளையாட 6 அடி உயரச் சறுக்குமரமும் ஓர் ஊஞ்சலும் வைக்கிறோம். சிமெண்ட் தரைமேல் 25 மி.மீ. ரப்பர் டைல் போதும் என்கிறார் காண்ட்ராக்டர். சரிதானா?
(சங்கச் செயலாளர், மேடவாக்கம்)

பதில்: போதாது. ரப்பர் என்றாலே அடிபடாது என்று நினைத்து, சதுர அடிக்கு என்ன விலை என்று மட்டும் கேட்டுவிட்டு வருவது இந்த ஊரில் தீராத வியாதி. விலை பேச வேண்டியது தடிமனுக்கு. விழுந்தால் தரை எவ்வளவு தாங்கும் என்று பார்க்க இஎன் 1177 என்ற ஐரோப்பியச் சோதனை இருக்கிறது. தலை போன்ற கனமான உருண்டையில் அளவுக் கருவி பொருத்தி, உயரத்தைக் கூட்டிக்கூட்டிக் கீழே போடுவார்கள். எச்ஐசி எனும் தலைக்காய அளவு எந்த உயரத்தில் 1000-ஐத் தொடுகிறதோ, அதற்கு மேல் அந்தத் தரையை நம்பக் கூடாது. உங்கள் சறுக்குமரம் 1.8 மீட்டர். 25 மி.மீ. டைல் ஒரு மீட்டர் தாங்கினாலே பெரிது. அது நடைபாதைக்கும் ஜிம்முக்கும் ஆனது. உங்களுக்குப் பெரும்பாலும் 60 மி.மீ.க்கு மேல் தேவைப்படும். அதே தடிமனுக்கான சோதனை அறிக்கையைக் கேளுங்கள், 50 மி.மீ. அறிக்கையைக் காட்டி 25 மி.மீ. ஒட்டுகிறவர்கள் உண்டு. சறுக்குமரத்தைச் சுற்றி 6 அடிக்கு மெத்தென்ற தரை வேண்டும். ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும், அது தொங்கும் கம்பியின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு.

கேள்வி: ரப்பர் டைல் நீல நிறமா, சிவப்பா? படம் அனுப்பியிருக்கிறேன்.
(வாசகி, அண்ணா நகர்)

பதில்: படத்தில் தடிமன் தெரியாதம்மா. வாட்ஸ்அப் படத்தை நம்பி மிதியடி வாங்கி ஏமாந்தவன் சொல்கிறேன். வெயில் விழும் இடமென்றால் வெளிர் நிறம்.

கேள்வி: மொட்டை மாடியில் செயற்கைப் புல் விரித்தோம். மதியம் கால் வைக்க முடியவில்லை. பையன் விழுந்து முட்டியில் அடியும் பட்டது.
(பெரம்பூர்)

பதில்: காங்கிரீட்மேல் வெறும் புல் விரிப்பு என்றால் அது பச்சைப் பாய், அவ்வளவுதான். அடி தாங்க அடியில் தனி ஃபோம் பேட் வேண்டும்; முன்பணம் கொடுக்குமுன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. தண்ணீர் தெளித்தால் சற்று நேரம்தான் குளிரும். நிழல்வலை கட்டுங்கள், பேட் போடும்வரை ஏறி விளையாடும் சாமான் எதையும் அங்கே வைக்காதீர்கள்.

கேள்வி: விளையாட்டு இடத்துக்கு ஆற்று மணல் போட விலை தாங்கவில்லை. எம்-சாண்ட் கொட்டலாமா?
(திருவான்மியூர்)

பதில்: கூடாது. உடைத்த கல், முனை கூர்மை, கூடவே தூள். மழை பெய்து காய்ந்தால் இறுகித் தரையாகிவிடும். கழுவிய, உருண்ட, 0.2 முதல் 2 மி.மீ. வரையிலான மணல் வேண்டும். 2 மீட்டர் உயரத்துக்கு 20 செ.மீ. ஆழம், கால் பட்டு விலகுவதற்காக இன்னும் 10, ஆக ஓரடி. 20க்கு 15 அடி இடத்துக்கு 3 யூனிட் (300 கன அடி) பிடிக்கும். அடியில் ஜல்லியும் அதன்மேல் தண்ணீரை விட்டு மணலைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணியும் போட்டு வடிகால் விடாவிட்டால் ஐப்பசியில் குட்டைதான். ராத்திரி தார்ப்பாய் போட்டு மூடுங்கள், இல்லையென்றால் பூனைகள் வந்துவிடும்.

கேள்வி: பேரப்பிள்ளைகளுக்காக வீட்டு முற்றத்தில் 250 சதுர அடி இபிடிஎம் (ரப்பர் குருணையைப் பசையில் குழைத்து ஊற்றும் தரை) போட்டேன். நவம்பரில், மழை விட்ட இரண்டு நாளில் ஊற்றினார்கள். இப்போது குருணை உதிர்கிறது, சில இடம் உப்பியிருக்கிறது. 70,000 ரூபாய் வாங்கியவர் போனை எடுப்பதில்லை.
(ஓய்வுபெற்றவர், பெருங்குடி)

பதில்: ஐயா, தவறு உங்கள்மேல் இல்லை. ஈரத் தரையில் பாலியூரிதேன் பசை பிடிக்காது, நுரைத்து உப்பும். குருணை உதிர்வது பெரும்பாலும் பசையைக் குறைத்ததால். ஒரு மூலையில் கத்தியால் சிறு துண்டு வெட்டி, கீழ்க் கறுப்பு அடுக்கையும் மேல் வண்ண அடுக்கையும் தனித்தனியே அளந்து படமெடுங்கள். மேலடுக்கு 10 மி.மீ.யாவது இருக்க வேண்டும். கொட்டேஷன், வங்கிப் பரிமாற்றம், போனில் வந்த செய்திகள் எல்லாவற்றையும் சேர்த்து, 15 நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் புகார் பதியுங்கள். மசியவில்லையா, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. வழக்கு முடியும்வரை அந்தத் துண்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.