கடற்கரை மணலும் பீடிக் கணக்கும்

கேள்வி: எங்கள் ஊர் மணவாளக்குறிச்சிக்குப் பக்கம். தெருவில் பலருக்குப் புற்றுநோய். தாது மணலின் கதிர்வீச்சுதான் காரணம் என்கிறார்கள். கேரளத்தில் ஆராய்ந்து 'தொடர்பில்லை' என்று சொல்லிவிட்டார்களாமே? பீடி, வயது என்று இத்தனை காரணங்களுக்கு நடுவே கதிர்வீச்சை மட்டும் எப்படிப் பிரித்தெடுத்தார்கள்?
(வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்)

பதில்: நீங்கள் கேட்பது கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளி ஆய்வு பற்றி. அங்கேயும் உங்கள் ஊர் போலத் தோரியம் என்ற கதிர்வீச்சுள்ள தனிமம் கலந்த மோனசைட் தாது மணல்தான். வீடு வீடாகப் போய் உள்ளேயும் வெளியேயும் கதிர்வீச்சை அளந்தார்கள். பீடி, படிப்பு எல்லாம் கேட்டு எழுதினார்கள். 30 முதல் 84 வயது வரை சுமார் 70,000 பேரைத் தொடர்ந்து கவனித்ததில், 2005 முடிய 1,379 பேருக்குப் புற்றுநோய்.

மொத்தமாகக் கூட்டி வகுத்தால் ஏமாந்துபோவோம். கதிர்வீச்சு கூடிய கரையோரத்தில் பீடி குடிப்பவர்களும் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பீடி செய்த வேலைக்கு மணல் பழி சுமக்கும். உள்பக்க ஊர்களில் பீடி கூடுதல் என்றால், மணல் கெடுதி செய்தாலும் அது மறைந்துவிடும். ஆகவே ஒரே வயது, பாலினம், படிப்பு, மதம், பீடிப் பழக்கம் உள்ளவர்களை ஒரு கூட்டமாகப் பிரித்து, அந்தக் கூட்டத்துக்குள்ளேயே அதிகக் கதிர்வீச்சு வாங்கியவரைக் குறைவாக வாங்கியவரோடு ஒப்பிட்டார்கள். படிப்பும் மதமும் எதற்கு என்பீர்கள். சாப்பாடு, வசதி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழக்கம் ஆகியவற்றின் சாயல் அவற்றில் கொஞ்சம் வந்துவிடும்.

சரி, பீடி பற்றி மக்கள் சொன்னதெல்லாம் உண்மையா? நான் கள ஆய்வுக்கு அலைந்த காலத்தில், மனைவி பக்கத்தில் நின்றால் ஒரு கட்டுப் பீடி மூன்று பீடியாகிவிடும். அப்படிப் பதிவானதை எந்தக் கணக்கும் முழுதாகச் சரிசெய்யாது.

ரத்தப்புற்றுநோய் நீங்கலாக மற்றப் புற்றுநோய்களுக்கு, ஒரு கிரே (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவுக்குக் கூடுதல் அபாயம் மைனஸ் 0.13 என்று வந்தது, அதாவது கூடுவதற்குப் பதில் கொஞ்சம் குறைவு. உடனே கதிர்வீச்சு உடம்புக்கு நல்லது என்று குதித்தவர்களும் உண்டு. ஆனால் அதன் நம்பக எல்லை, அதாவது உண்மையான மதிப்பு இருக்கக்கூடிய வரம்பு, மைனஸ் 0.58 முதல் 0.46 வரை, பூஜ்யத்துக்கு இந்தப் பக்கமும் இருக்கிறது, அந்தப் பக்கமும் இருக்கிறது. அபாயம் கூடியதாகத் தெரியவில்லை என்பதுவரை சொல்லலாம், அவ்வளவுதான். கதிர்வீச்சோடு அதிகம் சேர்த்துப் பேசப்படும் ரத்தப்புற்றுநோய் வந்தவர்கள் வெறும் 30 பேர். அதை வைத்து என்ன தீர்ப்புச் சொல்வது?

உங்கள் தெருவில் எத்தனை பேர் என்பதோடு, யாருக்கு எந்த வயதில், எந்த உறுப்பில் வந்தது என்றும் விசாரியுங்கள். வாய்ப்புற்று என்றால் நான் மணலுக்கு முன்னால் வெற்றிலையோடு மெல்லும் புகையிலையைத்தான் கேட்பேன்.