மங்கலாகத் தெரியும்போது மூளை நிகழ்தகவுக் கணக்குப் போடுகிறது என்பது உண்மையா, வெறும் உவமையா?

கேட்டவர் கேள்விக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "தெரிந்தால் தெரிகிறது, தெரியாவிட்டால் தெரியவில்லை, நடுவில் கணக்கு எங்கே வந்தது?" இந்த ஒரு வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். கிட்டத்தட்ட இதே வரியை, இதைவிடக் கடுமையான குரலில், போன வருடம் ஒரு கண் மருத்துவமனையில் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை, மூளை ஆராய்ச்சியாளரும் இல்லை. ஒரு பொறியியல் கல்லூரியில் பதினெட்டு வருடமாகப் புள்ளியியல் நடத்துகிறேன். கணக்கு வாத்தியாருக்கு மூளையைப் பற்றி என்ன தெரியும் என்று பின்னூட்டத்தில் வரப்போகிறவர்கள், கேள்வியில் பாதி கணக்குதான் என்பதைக் கவனிக்கவும். நீங்கள் மருத்துவ மாணவர் என்று ஊகிக்கிறேன். இல்லையென்றால் ஏஐ படிக்கிறவராக இருக்கும்.

என் அப்பாவுக்குக் கண்ணில் பிரஷர் இருந்தது. அதனால் நாற்பதைத் தாண்டியதும் எனக்கும் ஃபீல்டு டெஸ்ட், அதாவது கண் எவ்வளவு பரப்பில் எவ்வளவு மங்கலான வெளிச்சத்தைப் பார்க்கிறது என்ற சோதனை, எழுதிக் கொடுத்தார்கள். எடுத்துக்கொள்ளாதவர்களுக்காக: ஒரு கண்ணை மறைத்துவிட்டு, முகவாயைத் தாங்கியில் வைத்து, பெரிய வெள்ளைக் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்ப்பது போல உட்கார வேண்டும். நடுவில் ஒரு மஞ்சள் புள்ளி. பார்வை அதை விட்டு அசையக் கூடாது. சுற்றிலும் எங்காவது ஒரு வெளிச்சப் பொட்டு கால் நொடிகூட இல்லாமல் மின்னி மறையும். தெரிந்தால் கையில் இருக்கும் பட்டனை அமுக்க வேண்டும்.

முதல் நிமிடம் பிரச்சினை இல்லை. அப்புறம் பொட்டுகள் மங்கத் தொடங்கின. வந்த மாதிரியும் இருக்கும், வராத மாதிரியும் இருக்கும். வலப்பக்கம் கீழே ஏதோ சிலிர்த்தது. அமுக்கினேன். மேலே ஒன்று. அமுக்கினேன்.

"சார், தெரிஞ்சா மட்டும் அமுக்குங்க. சும்மா சும்மா அமுக்காதீங்க" என்றார் டெஸ்ட் எடுத்த பெண்.

"தெரிஞ்ச மாதிரி இருந்துச்சும்மா."

"தெரிஞ்சுதா, தெரியலையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"பாதி தெரிஞ்சுது."

பின்னால் வரிசையில் இருந்தவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தப் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும், காலையிலிருந்து முப்பது பேரைப் பார்த்த களைப்பு வேறு, கோபித்துப் பயனில்லை. ஆனால் அதற்குப் பிறகு பயந்துபோய், பளிச்சென்று தெரிந்தால் மட்டும் அமுக்கினேன். விளைவு, முதல் பாதியில் துணிச்சல்காரன், இரண்டாம் பாதியில் கோழை. தாளில் அங்கங்கே கறுப்புத் திட்டு. முடிவு நம்பத்தக்கதாக இல்லை என்று திரும்ப எடுக்கச் சொன்னார்கள். மறுபடியும் பணம் கட்டினேன்.

வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தபோதுதான் எரிச்சல் அதிகமானது. அந்தக் கருவி தேடுவதே "பாதி தெரிஞ்சுது" என்ற இடத்தைத்தான்! ஓர் இடத்தில் பார்வையின் வரம்பு என்பது, இரண்டு தடவை காட்டினால் ஒரு தடவை கண்ணில் படும் வெளிச்ச அளவு. அதை நெருங்கும்போது சந்தேகம் வராமல் இருந்தால்தான் தப்பு. இன்னொரு வேடிக்கை, இந்த டெஸ்டுக்குப் பரவலாகப் பயன்படும் ஸீட்டா என்ற முறை சுவீடன்காரர்கள் 1990-களில் உருவாக்கியது. அது பேய்ஸ் வழிக் கணக்கு, அதாவது முன் ஊகத்தைப் புதுத் தகவலால் திருத்தும் நிகழ்தகவு முறை. இந்த வயதுக்காரருக்குப் பொதுவாக இங்கே எவ்வளவு தெரியும் என்ற முன் ஊகத்தில் தொடங்கி, ஒவ்வொரு அமுக்கலுக்கும், அமுக்காமைக்கும் ஊகத்தைத் திருத்திக்கொண்டே போகும். கிண்ணத்துக்கு அந்தப் பக்கம் நிகழ்தகவு, இந்தப் பக்கம் என் தலைக்குள்ளும் நிகழ்தகவு. நடுவில் நின்றவர் மட்டும் ரெண்டில் ஒன்று கேட்டார்.

சரி, தலைக்குள். பிடரிப் பக்கம், மூளையின் மேலடுக்கில் பார்வைக்கான பகுதி பார்வைப் புறணி. அதில் பெரும்பாலான நியூரான்கள் (நரம்பணுக்கள்), தங்களுக்கென்று ஒரு சாய்வில் இருக்கும் கோட்டைக் கண்டால் அதிகம் துடிக்கும், அதாவது அதிக மின்துடிப்பு அனுப்பும். ஹ்யூபெல், வீசல் என்ற இரு ஆய்வாளர்கள் 1959-இல் பூனையிடம் காட்டியது இது. ஆனால் ஒரே கோட்டை ஒரே நியூரானுக்குத் திரும்பத் திரும்பக் காட்டினால் ஒரு தடவை 10 துடிப்பு வரும், அடுத்த தடவை 6, அப்புறம் 14. சராசரி ஏற ஏறச் சிதறலும் ஏறும். அதாவது, வெளியே ஒன்றுமே மாறாமல் உள்ளே கிடைக்கும் தகவல் மாறுகிறது. ஒரே பொட்டு முதலில் தெரிந்து, அடுத்து தெரியாமல் போனதற்கு நான் பொய் சொன்னதாக அர்த்தமில்லை.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை 2003-இல் ரெஸ், ஹீகர் என்ற இரு ஆய்வாளர்கள் செய்தது. மங்கலான வரிக்கோலம் (வரி வரியான கோடுகள்) ஒன்று வந்ததா இல்லையா என்று கேட்டுக்கொண்டே, மூளையில் எந்த இடம் வேலை செய்கிறது என்று காட்டும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனில் பார்த்தார்கள். கோலம் வராமலே "வந்தது" என்று சொன்ன நேரங்களில் பார்வைப் புறணியின் முதல் பகுதியிலேயே செயல்பாடு கூடியிருந்தது. கோலம் வந்தும் "வரவில்லை" என்று சொன்ன நேரங்களைவிட அதிகம்! நான் சும்மா அமுக்கவில்லை அம்மா, உள்ளே ஏதோ எழுந்துதான் அமுக்கினேன். (இதை அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மூன்றாவது தடவையும் பணம் கட்டியிருப்பேன்.)

"இது வெறும் இரைச்சல், இதை எப்படிக் கணக்கு என்கிறாய்" என்று கேட்பீர்கள். நியாயம். தன் தகவல் எவ்வளவு நம்பத்தக்கது என்பதும் மூளைக்குத் தெரிந்து, அதை அது பயன்படுத்தினால்தான் கணக்கு. அங்கேதான் 2015-இல் நெதர்லாந்தின் நைமேகனில் நடந்த வேலை வருகிறது. 18 பேருக்கு வரிக்கோலம் காட்டி, அதன் சாய்வு என்ன என்று கேட்டார்கள். ஸ்கேனில் பதிவான புறணிச் செயல்பாட்டிலிருந்து, இந்த நொடியில் எந்தெந்தச் சாய்வு எவ்வளவு சாத்தியம் என்று ஒரு வளைகோடு வரைந்தார்கள். அது அகலமாக இருந்தால் சந்தேகம் அதிகம், ஒடுங்கினால் உறுதி அதிகம். வளைகோடு அகலமாக இருந்த தடவைகளில் பதில்களும் அதிகமாக அலைபாய்ந்தன. கோலத்தின் தெளிவை யாரும் தொடவில்லை. 2020-இல் குரங்குகளின் புறணியில் மின்முனை வைத்துப் பார்த்தபோதும் அதேதான். காட்டிய படத்தின் தெளிவு ஒன்றாகவே இருந்தபோதும், அந்தந்த நொடியின் வளைகோட்டு அகலத்தையும் சேர்த்துக்கொண்டால் குரங்கு எந்தப் பக்கம் முடிவெடுக்கும் என்பதை இன்னும் சரியாகச் சொல்ல முடிந்தது.

இந்த அகலம் நியூரான்களில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதில்தான் சண்டை. ஒரு கட்சி, 2006-இல் மா, பெக், லேதம், பூஜே என்ற நான்கு ஆய்வாளர்கள் சொன்னது: கூட்டமாகத் துடிக்கும் நியூரான்களின் மொத்தத் துடிப்பே உறுதியின் அளவு. தெளிவான படம் என்றால் எல்லாம் ஓங்கித் துடிக்கும், வளைகோடு ஒடுங்கும். இரண்டு தகவல்களைச் சேர்க்க வேண்டுமென்றால் துடிப்புகளைக் கூட்டினால் போதும், நிகழ்தகவுகளைப் பெருக்க வேண்டியதே இல்லை. கணக்கு வாத்தியாராக இதில் எனக்கு ஒரு மோகம் உண்டு. மறு கட்சிக்கு அந்தச் சிதறல்தான் விடை. மூளை ஒவ்வொரு கணமும் சாத்தியங்களிலிருந்து சீட்டுக் குலுக்கி எடுக்கிறது, சீட்டுகள் ஒரே மாதிரி வந்தால் உறுதி, கலந்து வந்தால் சந்தேகம். இவர்களுக்குத் துணையாக 2011-இல் ஃபெரட் என்ற சிறு விலங்கிடம் ஒன்று கண்டார்கள். வளர வளர, இருட்டில் தானாக ஓடும் புறணிச் செயல்பாடு, இயற்கைக் காட்சிகளைப் பார்க்கும்போது வரும் செயல்பாட்டைப் போலவே ஆகிறது. உலகம் எப்படி இருக்கும் என்ற முன் ஊகம் கண்ணுக்கு ஒன்றும் கிடைக்காதபோதும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அதைப் படிக்கிறார்கள். வழக்கு இன்னும் தீரவில்லை.

முன் ஊகம் என்றதும் என் வயிற்றெரிச்சலைக் கொட்டாமல் போக முடியாது. எங்கள் பாடத்தில் பேய்ஸ் தேற்றம் என்றால் போல்ட் கணக்குதான். ஏ, பி, சி மூன்று மெஷின், உற்பத்தியில் 25, 35, 40 சதவீதம், அவற்றில் பழுது 5, 4, 2 சதவீதம். கையில் ஒரு பழுதான போல்ட், அது ஏ செய்ததாக இருக்க எவ்வளவு வாய்ப்பு? 345-க்கு 125. மாணவர்கள் மனப்பாடமாக எழுதுவார்கள். "எதுக்கு சார் இது?" என்று ஒருவன் கேட்டால், உன் கண்ணுக்குக் கிடைப்பதும் போல்ட் மட்டும்தான்டா, எந்த மெஷின் என்று உள்ளே ஊகிக்கிறார்கள் என்று ஒரு மணி நேரம் சொல்ல ஆசை. ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் அறிவியலாளர் 1860-களிலேயே பார்வையை அறியாமல் நடக்கும் ஊகம் என்றார், அதையும் சொல்ல ஆசை. நேரம் எங்கே? மே மாதம் முழுக்க எங்களை ஊர் ஊராக அட்மிஷன் பிடிக்க அனுப்புகிறார்கள். ஆளுக்கு இத்தனை பேர் என்று இலக்கு. பிஎச்டி முடித்தவர் கையில் நோட்டீஸ் கட்டு. அந்த ஃபீல்டு டெஸ்டுக்கு முந்தைய இரவுகூட பஸ்ஸில்தான் தூங்கினேன். சரி, விடுங்கள்.

"எதை வேண்டுமானாலும் பேய்ஸ் என்று பின்னால் நியாயப்படுத்தலாம்" என்று சொல்பவர்கள் உண்டு, அவர்களைத் தள்ளிவிட மாட்டேன். உதாரணத்துக்கு, தெளிவு குறைந்த படம் மெதுவாக நகர்வதாகத் தோன்றும். உலகில் பெரும்பாலானவை அசையாமலோ மெதுவாகவோ இருக்கும் என்ற முன் ஊகம் என்று 2002-இல் அழகாக விளக்கினார்கள். மூடுபனியில் டிரைவர்கள் வேகமாக ஓட்டுவதற்கு அதுவே காரணம் என்றும் பேச்சு இருந்தது. 2012-இல், தூரம் போகப் போக அடர்த்தியாகும் நிஜப் பனியைப் போலவே செய்து பார்த்தபோது ஆட்கள் வேகத்தைக் குறைத்தார்கள். ஆக, கோட்பாடு சரியாக இருந்தாலும் சாலைக்குக் கொண்டுபோகும்போது சறுக்கும்.

ஆகவே உங்கள் கேள்விக்கு: புறணியில் உறுதியின்மை பதிவாகிறது, நடத்தையும் அதைப் பின்பற்றுகிறது. இவ்வளவும் உவமை இல்லை. எந்த எழுத்தில் பதிவாகிறது என்பதுதான் பாக்கி.

இரண்டாவது டெஸ்டில் வேறு ஒரு பையன் இருந்தான். "டவுட்டா இருந்தாலும் அமுக்குங்க சார், மெஷின் பாத்துக்கும்" என்றான். திட்டுகள் பெரும்பாலும் காணாமல் போயின. இடக்கண்ணில் மேலே ஒன்று மட்டும் லேசாக நிற்கிறது. டாக்டர் அதைப் பேனாவால் வட்டமிட்டு, "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆறு மாசம் கழிச்சு இன்னொண்ணு எடுத்துட்டுச் சொல்றேன்" என்றார்.