தைராய்டு குறைந்தால் எடை கூடுவது மட்டும்தான் அறிகுறியா?

இல்லை. எடையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் நோய் கண்ணில் படாமலே போய்விடும். தைராய்டு குறைவால் ஏறுவது பெரும்பாலும் சில கிலோதான். அதிலும் பெரும்பகுதி உடம்பில் தங்கும் உப்பும் நீரும்.

என் அக்காவுக்கு முதலில் மாறியது குரல். போனில் பேசினால், சளி பிடித்திருக்கிறதா என்று கேட்போம். மாதக்கணக்கில் அதே கரகரப்பு. அப்புறம் ராத்திரியில் கை மரத்துப்போய், உதறிக்கொண்டே எழுந்து உட்காருவாள். மலச்சிக்கலுக்கு ஒரு மருந்து, முடி கொட்டுவதற்கு ஒரு எண்ணெய், கொலஸ்ட்ராலுக்கு ஒரு மாத்திரை என்று தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்தது. சித்திரை வெயிலில் போர்வை கேட்டாள். வீட்டு வேலையில் சுணங்கினால் சோம்பேறி என்ற பேச்சு வேறு. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தவர் ஒரு பொது மருத்துவர். கண்ணுக்குக் கீழே வீக்கம், புருவத்தின் வெளிநுனியில் முடி இல்லை. குதிகாலுக்கு மேலே சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதம் சட்டென்று அசைந்தது, ஆனால் பழைய நிலைக்கு மெதுவாகத்தான் திரும்பியது. உடனே டிஎஸ்எச் என்ற ஹார்மோனை அளக்கும் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார்.

டிஎஸ்எச் கூடியிருந்தால் தைராய்டு அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. தைராய்டு சுரப்பி தளர்ந்தால் அதை வேலை வாங்க, மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி டிஎஸ்எச்சைக் கூட்டும். அதோடு தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 குறைவாகவும் இருந்தால் நோய் உறுதி.

அக்காவுக்கு வந்தது ஹாஷிமோட்டோ. உடம்பின் எதிர்ப்பு சக்தியே சுரப்பியைத் தாக்கும் இந்த நோயை 1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ விவரித்தார். இது உள்ளவர்களுக்கு வெண்புள்ளி, டைப் 1 சர்க்கரை, பி12 குறைவால் வரும் ரத்தசோகை ஆகியவை வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம். மாதவிலக்கில் அதிக ரத்தப்போக்கு, கருத்தரிப்பதில் தாமதம், காரணமில்லாத மனச்சோர்வு இருந்தாலும் டிஎஸ்எச் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கர்ப்பமானால் தள்ளிப்போடவே வேண்டாம்; குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தைராய்டு ஹார்மோன் தேவை.

குறைந்த தைராய்டு ஹார்மோனை ஈடுசெய்யும் தைராக்ஸின் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். டோஸ் மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் மறுபரிசோதனை. அதற்குள் பலன் இல்லை என்று நிறுத்திவிடாதீர்கள். அக்காவுக்குக் குரல் தெளிய சில மாதங்கள் ஆயின. கொலஸ்ட்ராலும் இறங்கியது, அந்த மாத்திரையை டாக்டரே நிறுத்திவிட்டார்.