மனாடோவில் சீலகாந்தைப் பார்க்க முடியுமா?

கேள்வி: ஆகஸ்டில் இந்தோனேசியாவின் மனாடோவுக்கு டைவிங் போகிறோம். அட்வான்ஸ்டு ஓப்பன் வாட்டர் சான்றிதழ் வைத்திருக்கிறேன், இதுவரை நாற்பது டைவ் முடித்திருக்கிறேன். அங்கே ஒரு படகுக்காரர், கூடுதலாகப் பணம் கொடுத்தால் சீலகாந்த் மீனைக் காட்டுகிறேன் என்கிறார். நம்பலாமா? அது முட்டையிடாமல் குட்டி போடும் என்பதும் உண்மையா?

பதில்: குட்டி போடுவது உண்மை. ஆனால் படகுக்காரருக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள். சீலகாந்த் என்பது டைனோசர் காலத்தோடு அழிந்துவிட்டதாக விஞ்ஞானிகள் நினைத்திருந்த ஆழ்கடல் மீன். ஆப்பிரிக்கப் பக்கம் ஓர் இனம், இந்தோனேசியாவில் ஓர் இனம் இன்றும் உயிரோடு இருக்கின்றன.

உங்கள் சான்றிதழ் 30 மீட்டர் வரைதான் செல்லும். பொழுதுபோக்கு டைவிங்கின் கடைசி எல்லையே 40 மீட்டர். சீலகாந்த் பகலெல்லாம் அடைந்து கிடக்கும் குகைகள் அதற்கும் வெகு கீழே இருக்கின்றன. 1999இல் ஜெர்மன் ஆய்வாளர் ஹான்ஸ் ஃப்ரிக்கேயின் குழுவினர் ஜாகோ என்ற சிறிய நீர்மூழ்கியில் தேடியபோது, மனாடோவிலிருந்து தென்மேற்கே சுமார் 360 கிலோமீட்டர் தள்ளி, 155 மீட்டர் ஆழத்தில் ஒரு குகைக்குள் இரண்டைப் பார்த்தார்கள். 2009இல் ஜப்பானின் அக்வாமரைன் ஃபுகுஷிமா காட்சியகத்தார் மனாடோ விரிகுடாவிலேயே 161 மீட்டரில் ஒரு குட்டியைப் படம்பிடித்தார்கள், ஆனால் கேபிளில் இறக்கிய இயந்திரக் கேமராவை வைத்து. இந்தோனேசிய இனத்தை அது வாழும் இடத்திலேயே ஒரு மனிதர் நீந்திப் போய்ப் படம் எடுத்தது 2024 அக்டோபரில்தான், அந்நாட்டின் வட மலுக்கு தீவுகள் பக்கம், 145 மீட்டரில். ஆக, உங்கள் படகுக்காரர் சொன்னபடி காட்டிவிட்டால் அது ஊர்ச் செய்தி இல்லை, உலகச் செய்தி.

145 மீட்டர் என்றால் என்ன என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அங்கே அழுத்தம் மேலே இருப்பதைப் போல பதினைந்தரை மடங்கு. சாதாரணக் காற்றுச் சிலிண்டரோடு இறங்கினால் நீங்கள் இழுக்கும் ஆக்சிஜனின் அழுத்தம் மட்டும் 3.2 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அளவைத் தொடும். 1.6 தாண்டினாலே வலிப்பு வரும் அபாயம் உண்டு, தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் கதை முடிந்தது. அதனால்தான் அந்த ஆழத்துக்குப் போகிறவர்கள் ஹீலியம் கலந்த வாயு, விட்ட மூச்சையே சுத்தம் செய்து திரும்பத் தரும் ரீபிரீதர் கருவி, மேலே படகில் தனி ஆட்கள் என்று பெரிய ஏற்பாட்டோடு போகிறார்கள், அடியில் சில நிமிடம் நின்றதற்கு மேலே வர மணிக்கணக்கில் படிப்படியாகக் காத்திருக்கிறார்கள். 2000இல் தென்னாப்பிரிக்காவின் சோட்வானா விரிகுடாவில் 104 மீட்டரில் சீலகாந்தை நேரில் பார்த்த டைவர் குழு அடுத்த மாதமே வீடியோ எடுக்கத் திரும்பப் போனபோது அனுபவசாலியான ஒருவர் உயிரோடு திரும்பவில்லை.

சரி, அப்படியானால் அவர் எதைக் காட்டுவார்? பெரும்பாலும் ஒரு பெரிய களவா மீனை. இருட்டில், பாறை இடுக்கில், புள்ளி புள்ளியாகத் தடித்த உடம்பு, போதாதா! எனக்கு இதைவிடப் பயமாக இருப்பது வேறொன்று. பணத்துக்காக யாராவது ஆழத்தில் சுறா வலை போட்டு ஒன்றை இழுத்துக்கொண்டு வந்துவிடக்கூடாது. 18, 20 டிகிரி குளிரில் வாழ்கிற மீன் 28 டிகிரித் தண்ணீருக்கு வந்தால் அதன் சின்னச் செவுள்களுக்கு மூச்சு போதாது. 2007இல் மனாடோ கரையோரம் ஒருவர் தூண்டிலில் பிடித்த சீலகாந்தை வலையடித்த குளத்தில் விட்டுப் பார்த்தார்கள், 17 மணி நேரம்தான் தாங்கியது. இந்தோனேசியாவில் இது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இனம், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் முதல் பட்டியலிலும் இருக்கிறது. நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள்.

இனி குட்டி விஷயம். மீன் குட்டி போடுவது நமக்குப் புதிதில்லை. மார்க்கெட்டில் பால்சுறாவின் வயிற்றைக் கிழித்தால் சில நேரம் கொடியோடு குட்டிகள் வந்து விழுவதை மீன் வெட்டும் அக்காக்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சீலகாந்த் விஷயத்தில் மட்டும் விஞ்ஞானிகளுக்கு அது தெரிய வருடக்கணக்கில் ஆனது. 1938 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவில் மார்ஜரி கோர்ட்னி லாட்டிமர் முதல் மீனைக் கண்டெடுத்த பிறகு, ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பால் உள்ள கொமொரோ தீவுகளில் ஒவ்வொன்றாகக் கிடைக்க ஆரம்பித்தன. பெண் மீன்களுக்குள் பெரிய சாத்துக்குடி அளவில், 300 கிராமுக்கு மேல் எடையுள்ள ஓடில்லாத முட்டைகள் இருந்ததால் இது முட்டையிடும் மீன் என்றே பலர் நினைத்தார்கள். 1962இல் பிடிபட்ட ஒரு பெண் மீன் நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் சும்மா கிடந்தது. 1975இல் அதை அறுத்துப் பார்த்தால், உள்ளே முழு உருவத்தோடு ஐந்து குட்டிகள்! ஒவ்வொன்றும் ஒரு அடிக்கு மேல், வயிற்றில் மஞ்சள் கருப் பை இன்னும் ஒட்டியபடி. 1991இல் மொசாம்பிக் அருகே இழுவை வலையில் சிக்கிய 98 கிலோ தாய்க்குள் 26 குட்டிகள் இருந்தன. இவ்வளவுக்கும், பெண்ணின் உடலுக்குள்ளேயே கருத்தரிக்க வைக்க ஆண் சுறாவுக்கு இருப்பது போன்ற வெளி உறுப்பு ஆண் சீலகாந்துக்குக் கிடையாது.

2021இல் செதில்களில் உள்ள வளையங்களை எண்ணிப் பார்த்த பிரெஞ்சு ஆய்வாளர்கள், இது நூறு வருடம் வரை வாழலாம், பெண் இனப்பெருக்கத்துக்குத் தயாராகவே ஐம்பது வயது தாண்டும், குட்டி வயிற்றில் இருப்பது சுமார் ஐந்து வருடம் என்று மதிப்பிட்டார்கள். சினையாக இருக்கும் ஒரு தாய் வலையில் சிக்கினால் எத்தனை வருடக் கணக்கு போய்விடுகிறது என்று பாருங்கள்.

குட்டி போடும் மீனைத்தான் பார்க்க வேண்டும் என்றால் மனாடோவுக்கு எதிரே இருக்கும் புனாக்கன் தீவில் 20 மீட்டருக்குள்ளேயே பார்த்துவிடலாம். செங்குத்துச் சுவரோரம் போகும்போது விளிம்புகளுக்கு அடியில் எட்டிப் பாருங்கள், வெள்ளைமுனைச் சுறா பகலில் மணலில் படுத்துத் தூங்கும். நீலப்புள்ளித் திருக்கையும் அப்படித்தான், பவளத்துக்கு அடியில் வால் மட்டும் நீட்டிக்கொண்டு கிடக்கும். இரண்டுமே குட்டி போடுபவை. அப்புறம் பவள இடுக்குகளுக்குள் விரல் நீளத்தில் புரோட்டுலா என்று ஒரு குடும்பம் இருக்கிறது, அதுவும் குட்டி போடும். ஆனால் வெளியே தலைகாட்டவே காட்டாது, நாற்பது டைவ் இல்லை, நானூறு டைவ் போட்டவர்களே பார்த்ததில்லை என்பார்கள்.

ஒரு காலை வேளையாவது மனாடோ மீன் சந்தைக்குப் போய் வாருங்கள். 1997 செப்டம்பரில் மார்க் எர்ட்மன் என்ற ஆய்வாளர் தேனிலவுக்கு வந்தபோது அவர் மனைவி கண்ணில் தள்ளுவண்டியில் போன ஒரு விசித்திர மீன் பட்டது. போட்டோ எடுத்தார்கள், வாங்கவில்லை! மறுபடி ஒன்று கிடைக்கப் பத்து மாதம் ஆனது, பக்கத்துத் தீவான மனாடோ துவாவில். மீனவர்கள் அதை ‘ராஜா லாவுத்’ என்று அழைத்து வந்தார்கள், கடல் ராஜா. நமக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம். அங்கே அப்படி ஒன்று கண்ணில் பட்டால் நிறத்தை நம்பாதீர்கள், கொமொரோ மீன் நீலம், இது பழுப்பு. வாலைப் பாருங்கள்: மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் சின்னக் குஞ்சம் போல மூன்றாவது மடல். துடுப்புகள் குட்டைக் கை கால் மாதிரி சதைக் காம்பில் நிற்கும். விலை கேட்காமல் போட்டோ எடுத்து, நாள், இடம், பிடித்த ஆழம் எல்லாம் குறித்துக்கொண்டு, அங்கேயே இருக்கிற சாம் ரதுலாங்கி பல்கலைக்கழகத்தின் மீன்வளத் துறைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.