வயிற்று வலிக்கு எதற்கு மனநோய் மாத்திரை?

கேள்வி: வயது 36. அம்பாசமுத்திரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் திருநெல்வேலிக்கு வேலைக்குப் போகிறேன். மூன்று வருஷமாக வயிற்றைப் பிசைந்து வலிக்கிறது, அடிக்கடி வயிற்றால் போகிறது. வெளிக்குப் போனால் வலி குறைகிறது. ஸ்கேன், கேமரா டெஸ்ட் எல்லாம் நார்மல். ஐ.பி.எஸ்., அதாவது எரிச்சல் குடல் நோய் என்றார்கள். இப்போது கடைக் கணக்கு மறக்கிறது. கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போகக்கூட மனசில்லை. ராத்திரிக்கு அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதினார் டாக்டர். மெடிக்கலில் 'மனநோய் மாத்திரை' என்றதால் நாலாம் நாளே நிறுத்திவிட்டேன். சரிதானா?

பதில்: அவசரப்பட்டுவிட்டீர்கள். மனச்சோர்வுக்கென்றால் இந்த மருந்து வழக்கமாக 75 மில்லிகிராமோ அதற்கு மேலோ போகும். 10 என்பது குடலிலிருந்து மூளைக்கு ஏறும் வலிச் செய்தியைத் தணிக்க. கூடவே குடல் ஓட்டத்தையும் மட்டுப்படுத்தும். பிரிட்டனில் 463 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், 10இல் தொடங்கி 30 வரை கொடுத்தபோது வெற்று மாத்திரையைவிட நல்ல பலன் தெரிந்தது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், நாலு நாளில் தெரியாது. கண் அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு, மூத்திரம் அடைப்பு இருந்தால் மட்டும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

பயந்தால் 'வயிற்றில் புளியைக் கரைக்கிறது' என்கிறோமே, மூளைக்கும் வயிற்றுக்கும் இடையிலான அந்தப் பாதை இருவழி. வேகஸ் நரம்பின் இழைகளில் சுமார் 80 சதவீதம் வயிற்றுப் பக்கமிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை.

இந்த மறதியைப் பார்த்துப் புத்தி கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். கல்லிடைக்குறிச்சி தாண்டினால் அடுத்து எங்கே கக்கூஸ், வீரவநல்லூரிலா, சேரன்மகாதேவியிலா என்றே மனசு ஓடிக்கொண்டிருந்தால் கணக்கு எங்கே பதியும்? பதியாததைத்தான் மறதி என்கிறீர்கள். தூக்கம் கெட்டாலும் இப்படி ஆகும். பலரும் கவனிக்காத ஒன்று: வலி வந்தால் போட்டுக்கொள்ளும் டைசைக்ளோமின் மாத்திரையே மூளையை மந்தமாக்கலாம். அமிட்ரிப்டிலினும் அதே வகையில் கொஞ்சம் சேர்க்கும். காலையில் மப்பாக இருந்தால் இன்னும் முன்னதாக, சாயங்காலமே போடலாமா என்று கேளுங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எனக்குக் கவலை தருவது கொடைக்குப் போக மனசில்லாததுதான். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லை என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். 10 மில்லிகிராம் அதற்குப் போதாது, தனி வைத்தியம் வேண்டும். பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். சாகலாம் போலிருக்கிறது என்ற நினைப்பு வந்தால் அன்றைக்கே பேசுங்கள்.

சாப்பாட்டில் பூண்டு, வெங்காயம், கோதுமையை நாலு வாரம் விட்டுப் பாருங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்தால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியும். உளுந்தஞ்சோற்றையும் சொதியையும் ஆயுசுக்கும் விடச் சொல்ல எனக்கே மனசு வராது. எல்லாவற்றையும் விட்டுக் கஞ்சியோடு கிடந்தால் உடம்பும் மனசும் இன்னும் தளரும்.

மலத்தில் ரத்தம், எடை குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு இருந்தால் காத்திருக்கக் கூடாது. இல்லையென்றால் இந்த வாரமே அதே டாக்டரிடம் போய், மாத்திரையை நிறுத்தியதைச் சொல்லுங்கள். இதுவரை விழுங்கிய மாத்திரை அட்டைகளையெல்லாம் ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.