காலி மேய்ந்த இடம்

கேள்வி: குலதெய்வக் கோயில் கும்பாபிஷேக மலருக்காக எங்கள் குல வரலாற்றை எழுதி வருகிறேன். 'காலியாகக் கிடந்த காட்டைத் திருத்தி ஊராக்கினார்கள் நம் முன்னோர்' என்று தொடங்கியிருக்கிறேன். கல்லூரியில் படிக்கும் மகள், 'ஆஸ்திரேலியாவில் வெள்ளைக்காரர்கள் சொன்னதும் இதைத்தானே?' என்கிறாள். அதையும் இதையும் ஒப்பிடுவது நியாயமா? (வாசகர் ஒருவர், காங்கேயம்)

பதில்: உங்கள் மகளின் கேள்விக்கு வருவதற்கு முன், உங்கள் முதல் வரியின் முதல் சொல்லைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். 'காலி.'

வெறுமை என்ற பொருளில் நாம் சொல்லும் காலி, அரபியிலிருந்து உருதுவின் வழியாகத் தமிழுக்கு வந்த சொல். அதற்கு முன்பே தமிழில் இன்னொரு காலி இருந்தது. ஆழ்வார் பாசுரங்களில் கண்ணன் மேய்ப்பது காலி. நம் பக்கத்தில் இன்றைக்கும் 'கன்றுகாலி' என்கிறோமே, அந்தக் காலி. மாட்டுக்கூட்டம் என்று பொருள். காலி மேய்ந்த இடத்தைத்தான் பின்னால் வந்தவர்கள் காலியிடம் என்று எழுதிவைத்தார்கள். உலகம் முழுவதும் குடியேற்ற வரலாறு இப்படித்தான் நடந்திருக்கிறது. நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்லாக அமைந்துவிட்டது.

நீங்கள் காங்கேயத்துக்காரர். மாடு மேயும் கொறங்காட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். உழவில்லை, பாத்தியில்லை, வாய்க்காலில்லை. வெளியூரிலிருந்து வரும் ஒருவர் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தால் 'எவ்வளவு நிலம் சும்மா கிடக்கிறது' என்பார். ஆனால் காங்கேயம் காளை அந்தப் புல்லில் வளர்ந்த உடம்பு. எந்தக் காட்டில் எத்தனை உருப்படி எத்தனை நாள் மேயலாம், எப்போது படலைச் சாத்திப் புல்லுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது உங்கள் அப்பாருவுக்கு விரல்நுனிக் கணக்கு. நாளைக்கு ஒருவர் வந்து, 'இது உழாத நிலம், ஆகவே காலி' என்று வேலியைப் பிடுங்கினால் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பீர்களா? தேன் எடுத்தும், கிழங்கு தோண்டியும், சிறு நிலத்தில் கேழ்வரகும் சாமையும் விதைத்தும் வாழ்ந்த பழங்குடிகளான இருளருக்கும், சோளகருக்கும், ஊராளிகளுக்கும், மலசருக்கும், காடருக்கும் அந்தக் காடு அப்படிப்பட்ட கொறங்காடுதான்.

கும்பாபிஷேக மலர்களோடு எனக்குப் பல ஆண்டுச் சண்டை உண்டு. என் மேசைக்கு வந்த மலர்களில் பெரும்பாலானவை 'அந்நாளில் மனித நடமாட்டமற்ற அடர்ந்த வனமாக' என்றே தொடங்கின. மூன்று பக்கம் தள்ளிப் பார்த்தால், அதே முன்னோர் வேட்டுவர்களோடு போரிட்டு வென்றதாக வரும். மனித நடமாட்டமற்ற வனத்தில் போரிட வந்தவர்கள் யார்? இதைக் கேட்டு இந்தப் பக்கத்தில் ஒருமுறை எழுதியதற்கு, முன்னோரைப் பழித்துவிட்டேன் என்று கடிதம் எழுதிச் சந்தாவை நிறுத்தியவர்கள் உண்டு. நான் பழிக்கவில்லை. உடுக்கையடித்து விடிய விடியப் பாடும் அண்ணன்மார் கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஏர் பிடித்தவர்களுக்கும் வில் பிடித்தவர்களுக்கும் நடந்த மோதல்தான் அந்தக் கதையின் முதுகெலும்பு. அதைப் பாடிய பாட்டன்மார் காட்டைக் காலி என்று சொல்லவில்லை. எதிரில் இருந்தவனுக்குப் பெயர் சொன்னார்கள், ஊர் சொன்னார்கள், அவன் வளர்த்த பன்றிக்குக்கூடக் கொம்பன் என்று பெயர் சொன்னார்கள். மலர் எழுதுகிறவர்களுக்கு அந்த நேர்மை இருந்தால் போதும்.

சங்கப் புலவருக்கும் அது இருந்தது. கரிகாலனைப் புகழும் பட்டினப்பாலை 'காடு கொன்று நாடாக்கி' என்கிறது. திருத்தி என்று சொல்லவில்லை, கொன்று என்கிறது. உயிருள்ளதைத்தானே கொல்ல முடியும்? அதே பழங்காலத்தில் சென்னிமலைக்குப் பக்கத்தில், நொய்யல் கரையில், கொடுமணலில் இரும்பு உருக்கிக்கொண்டிருந்தார்கள், கல்மணி கோத்துக்கொண்டிருந்தார்கள். பதிற்றுப்பத்து அந்த ஊரைக் கொடுமணம் என்று பெயர் சொல்லிப் பாடுகிறது. தோண்டியபோது உலையும் கல்வட்டங்களும் தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. நம் ஊர்களில் எந்த மேட்டைக் கிளறினாலும் கருப்பு சிவப்பு ஓடு வருகிறது. இதில் எந்த மேடு காலி?

ஊர்ப்பெயர்களைக் கேளுங்கள். கோவன் என்ற இருளர் தலைவன் பெயரால் கோவன்புத்தூர், அதிலிருந்து கோயமுத்தூர் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. புத்தூர் என்றால் புது ஊர். புதிதாக வந்தவர்களின் ஊருக்கு முன்பே இருந்தவனின் பெயர். அந்தக் கோவனின் மக்கள் இன்று மலையடிவாரத்தில் இருக்கிறார்கள். நாமும் உழுத வயலைக் 'காடு' என்றுதானே சொல்கிறோம்? 'அப்பா காட்டுக்குப் போயிருக்கிறார்' என்றால் களை எடுக்கப் போயிருக்கிறார் என்று பொருள். அந்த இடம் முன்பு என்னவாக இருந்தது என்பதை நாம் மறந்தாலும் சொல் மறக்கவில்லை.

இனி உங்கள் மகளின் ஒப்பீடு. முழுக்கப் பொருந்தாது. 1788இல் சிட்னியில் கப்பல் கப்பலாக வந்து இறங்கியது ஓர் அரசின் திட்டம். கொங்கில் நடந்தது பல நூற்றாண்டுகள் நீண்டது. சண்டையும் நடந்தது, கொள்வினையும் நடந்தது, தெய்வங்கள் கைமாறின. ஆனால் 'காலி' என்ற சொல் இரண்டுக்கும் பொது. அங்கே அது சட்டமாகவே இருந்தது, யாருக்கும் உரியதல்லாத நிலம் என்று. டோரஸ் நீரிணைத் தீவுக்காரர் எடி மாபோ, தம் தீவில் ஒவ்வொரு குடும்பத் தோட்டத்துக்கும் எல்லை உண்டு என்று வழக்காடினார். 1992 ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. அவர் அந்த ஜனவரியிலேயே இறந்துபோயிருந்தார்.

நம் மலைகளுக்கு அந்தச் சட்டம் வேறு வேடத்தில் வந்தது. கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரி ஏறினார். தோடர்களின் நில உரிமைக்காக வாதாடியவர்களில் அவரும் ஒருவர் என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. இருந்தும் தோடர் எருமை மேய்ந்த புல்வெளிகள் பிற்காலத்தில் தரிசாகக் கருதப்பட்டு, சீகையும் (வாட்டில் மரம்) தைல மரமும் நடப்பட்டன. காலி மேய்ந்த இடம் இங்கும் காலியிடமாயிற்று. பிறகு 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம். அதில் 'செட்டில்மெண்ட்' என்று ஒரு நடைமுறை. அதிகாரி அறிவிப்பு ஒட்டுவார். கெடுவுக்குள் எழுதிக் கொடுத்தோ நேரில் வந்தோ உரிமை கோர வேண்டும். கோராவிட்டால் உரிமை போயிற்று. எழுத்தே புழங்காத குடியிருப்புக்கு எழுத்தில் ஒட்டிய அறிவிப்பு!

இன்றைக்கு ஆனைமலையில் காடர் குடியிருப்புகளைச் 'செட்டில்மெண்ட்' என்றுதான் செய்திகளில் எழுதுகிறோம், இந்தப் பத்திரிகை உட்பட. காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் வந்து குடியேறியவர்களைப் போல! அப்படியொரு குடியிருப்பு கல்லார்குடி. 2019 மழையில் அங்கே மண் சரிந்து வீடுகள் போயின. பக்கத்துத் தெப்பக்குளமேட்டில் குடியமர இடம் கேட்டு அந்த மக்கள் நீண்ட காலம் போராட வேண்டியிருந்தது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், வனவாசிகளுக்கு வரலாற்று அநீதி நடந்தது என்று தன் முகப்பிலேயே ஒப்புக்கொண்டு பதின்மூன்று ஆண்டுகள் கழிந்த பின்பும் இந்த நிலை. அடுத்த இதழிலிருந்து இந்தப் பத்திரிகையில் 'ஊர்' என்றே வரும். கல்லார்குடி ஓர் ஊர்.

உங்கள் மலர் அச்சுக்குப் போக நாள் இருக்கும் என்று நினைக்கிறேன். கல்லும் கரடுமான மேட்டில் கிணறு வெட்டிப் பயிர் செய்த உங்கள் முன்னோரின் உழைப்பு பெரியது. அதை விரிவாக எழுதுங்கள். முதல் வரியில் உள்ள 'காலி'யை மட்டும் அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லையென்றால், வீட்டில் வயதான அப்பத்தா யாராவது இருந்தால் மகளையே அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள். நம்மவர்கள் முதலில் இங்கே வந்தபோது யார் இருந்தார்கள், கிணற்றுக்கு நீரோட்டம் காட்டியது யார், குலதெய்வத்துக்கு நமக்கு முன் பூசை செய்தது யார் என்று. அவர் சொல்வதை எனக்கும் எழுதி அனுப்புங்கள். இந்தப் பக்கத்தில் இடம் ஒதுக்கி வைக்கிறேன்.