வட்டி வந்தும் பணம் தேய்கிறதே, ஏன்?

கேள்வி: எங்களைப் போன்ற வளரும் நாடுகளில் விலைவாசி ஏன் இப்படி ஏறுகிறது? மத்திய வங்கி வட்டியை உயர்த்தியும் அடங்கவில்லை. 8 சதவீத வட்டிக்கு ஐந்தாண்டு வைப்பு போடலாமா?

பதில்: முதலில் கணக்கு. 1,00,000 போட்டால் ஓராண்டில் வட்டி 8,000. அதில் 10 சதவீதம் வரி போனால் கையில் 1,07,200. பணவீக்கம் 9 சதவீதம் என்றால், இன்று 1,00,000-க்கு வாங்குவதை அடுத்த ஆண்டு வாங்க 1,09,000 வேண்டும். வட்டி வாங்கியும் 1,800 நஷ்டம். இது தொடருமா என்பது, விலை எதனால் ஏறுகிறது என்பதைப் பொறுத்தது.

வளரும் நாடுகள் பலவற்றில் வீட்டுச் செலவில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை உணவுக்கே போகிறது. விளைச்சல் பொய்த்தால் பணவீக்கம் உடனே எகிறும். வட்டியை உயர்த்தினால் மழை பெய்யாது. அடுத்த அறுவடை வந்தால்தான் இது தணியும்.

நாணயம் சரிவதுதான் இன்னும் ஆபத்து. எரிபொருள், உரம், மருந்து எல்லாம் பெரும்பாலும் டாலர் கொடுத்து இறக்குமதி செய்பவை. எரிபொருள் ஏறினால் லாரி வாடகை ஏறும், பிறகு எல்லாமே ஏறும். வரி வருவாய் போதாத அரசு மத்திய வங்கியிடமே கடன் வாங்கிச் செலவு செய்தால், பொருள் பெருகாமல் பணம் மட்டும் பெருகும்.

இலங்கையில் 2022-ல் நாணயச் சரிவு, இப்படிப் பணம் பெருகியது இரண்டும் சேர்ந்தே நடந்தன. மார்ச் தொடக்கத்தில் டாலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதத்தில் 360-ஐ எட்டியது. ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை (மற்ற வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையான வட்டியை) ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியும், செப்டம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 சதவீதம். மறு செப்டம்பரில் 1.3. விலை பழைய இடத்துக்கு இறங்கியது என்று இதற்குப் பொருளல்ல. ஏறிய இடத்திலேயே நின்றது, அவ்வளவுதான். குறைந்த வட்டிக்கு முன்பே நீண்டகாலம் போட்டவர்கள் இழந்தார்கள். உச்சத்தில் போட்டவர்களுக்கு லாபம்.

உங்கள் நாட்டுப் புள்ளிவிவரத் துறையின் மாத அறிக்கையில் உணவும் எரிபொருளும் நீக்கிய பணவீக்கத்தைப் பாருங்கள். மொத்தம் 9, இது 5 என்றால் உணவு, எரிபொருள் பக்கம்தான் சிக்கல். ஐந்தாண்டு வைப்பில் பெரிய தவறில்லை. உணவும் எரிபொருளும் நீக்கிய பணவீக்கமும் மாதாமாதம் ஏறினால் விலையேற்றம் கூலி, வாடகை வரை பரவிவிட்டது. அந்நியச் செலாவணிக் கையிருப்பு மூன்று மாத இறக்குமதிக்கும் குறைவு என்றால் கூடுதல் எச்சரிக்கை தேவை. அப்போது பணத்தை மூன்றாகப் பிரித்து 3, 6, 12 மாத வைப்புகளில் போடுங்கள். ஒவ்வொன்றும் முதிரும்போது புதிய வட்டி கிடைக்கும். பணவீக்கம் சில மாதங்கள் தொடர்ந்து இறங்கி, வட்டி இன்னும் உயரத்தில் இருக்கும்போது நீண்டகால வைப்புக்கு மாறுங்கள்.

மாறும் வட்டிக் கடன் இருந்தால் அதை முதலில் அடையுங்கள். வைப்பு வட்டியைவிடக் கடன் வட்டிதான் பெரும்பாலும் வேகமாக ஏறும். இடையில் வைப்பை உடைத்தால் எவ்வளவு வட்டி பிடிப்பார்கள் என்பதையும் கையெழுத்துப் போடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.